ஹூடி போட்ட சிலிண்டர்

புரட்டாசி வெயில் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என் விரல்நுனி பனியைத் தொட்டது. தொட்டது ஃப்ரிட்ஜை அல்ல, அடுப்பை. அடுப்பின் பக்கவாட்டில் திருகியிருந்த, தண்ணீர் பாட்டில் உயரமே இருந்த கேஸ் கேனை. முதலிபாளையத்தில் சின்னம்மா குடியிருந்த லைன் வீட்டின் மொட்டைமாடியில், அகன்ற இரும்புக் கல்லில் ஒரே நேரத்தில் ஆறு தோசை வார்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் ஈடு முறுகலாக வந்தது. இரண்டாவது ஈடு சுமார். மூன்றாவதில் தோசைகள் வெந்த மாதிரியும் இல்லாமல் வேகாத மாதிரியும் இல்லாமல் வெளுத்துப்போய்க் கிடந்தன. கேன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கழற்றப் போனேன். கை சில்லிட்டது. கேனின் கீழ்ப்பாதியில் வெள்ளை வெளேரென்று உறைபனி. ஆட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் பாதிக்கு மேல் தளும்புகிறது. இவ்வளவு நேரம் மேலே நெருப்பைக் கொடுத்த சாமான் கீழே பனி பிடித்து நின்றது.

திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். எழுதி வாங்கிய மதிப்பெண் எதுவும் அந்தக் கேனைத் தொட்டபோது ஏற்பட்ட சிலிர்ப்புக்கு முன் நிற்காது. நாம் அடுப்பைத் திருகும்போதெல்லாம் இரும்புக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கொதிக்கிறது, கொதித்துக் கொதித்தே குளிர்ந்துபோகிறது. இந்தக் கேனுக்கு உடம்பு போதவில்லை. காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளத் தோல் போதவில்லை. இதே கல்லைப் பெரிய உடம்பாகப் பார்த்து மாட்டினால்?

“சின்னம்மா, இத பெரிய சிலிண்டர்ல மாட்டிப் பாக்கலாமா?” என்றேன்.

சின்னம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “மாட்டு கண்ணு. என்ற மாவு புளிக்கறதுக்குள்ள மாட்டு.”

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவர் திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து முடிந்த துணியை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்தக் கண் வீட்டிலும் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்துவிட்டு, “காலர்ல ஒரு தையல் விட்டுருக்குது, சொல்லட்டுமா வேண்டாமா?” என்று என் காதைக் கடிப்பார். சொல்லாதீர்கள் என்று கெஞ்ச வேண்டும். நான் படித்து முடித்து, அவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவில் சேர்ந்தேன். ஒவ்வொரு டெய்லரின் கை அசைவையும் கவனித்து, எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று சொல்கிற வேலை. சேர்ந்த புதிதில் எனக்கு ஊரில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிட முடியும் என்று தோன்றும். இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது வாயை விட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருஷம் சின்னம்மாவின் கண் மங்கத் தொடங்கியது. வெள்ளைத் துணியில் பிரச்சினை இல்லை. கறுப்புத் துணியில் ஊசி ஓட்டை தப்பிப் போயிற்று. கண்ணாடி மாற்றினார், மருந்து விட்டுக்கொண்டார், பயனில்லை. செக்கிங் மேசையில் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சின்னம்மாவின் கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. மடத்துக்குளத்தில் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், தோப்பும் மாடுமாக வசதியாக இருந்தார். வந்து இருந்துகொள் என்று அவர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் சின்னம்மாவுக்கு அந்த வீட்டை நினைத்தாலே முகம் சுருங்கிவிடும். “அங்க போனா நான் விருந்தாளியும் இல்ல, ஊட்டுக்காரியும் இல்ல. அடுப்படியில நின்னுக்கிட்டே காலம் போயிரும். அதுக்குத் திருப்பூர்லயே என்ற அடுப்புல நிக்கறேன்” என்பார்.

அந்தச் சமயத்தில் கம்பெனி கேன்டீனை நடத்தியவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். டீ பிரேக்கில் வெளியிலிருந்து பையில் வருகிற ஆறிப்போன போண்டாதான் எல்லோருக்கும். சின்னம்மா நேராக ஃபேக்டரி மேனேஜரிடம் போய், நான் நடத்துகிறேன், சூடாகத் தோசை போடுகிறேன் என்று கேட்டார். மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர், சிரிக்காமலே பேசுவார். “ஒரு லைன், ஒரு டீ பிரேக். அதுல செஞ்சு காட்டுங்கம்மா. லைன்ல உள்ள எல்லார் கைக்கும் சூடா தோசை வந்திரணும். பெல் அடிச்ச உடனே எல்லா மெஷினும் ஓடணும். ரெண்டும் நடந்துச்சுன்னா கேன்டீன் உங்களுக்கு” என்றார். லைன் என்பது வரிசையாக மெஷின் போட்டு ஒரே உருப்படியைத் தைக்கிற டெய்லர் கூட்டம், டீ பிரேக் என்பது கால் மணி நேரம். சாதாரணத் தோசைக்கல்லில் அது நடக்காத காரியம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த அகலக் கல் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. வீட்டுத் தோட்டத்தில் நின்று சமைக்கிற வெளிநாட்டு ஆண்களுக்கென்று ஒரு டி-ஷர்ட் ஆர்டர். ஃபோட்டோ எடுப்பதற்காகப் பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள், கையோடு ஒரு கேஸ் கல்லையும் கொண்டுவந்திருந்தார். மடக்கித் தூக்கிக்கொண்டு போகலாம், அடியில் மூன்று பர்னர். ஃபோட்டோ எடுத்து முடித்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார். சாம்பிள் ரூமில் ஹேங்கர்களுக்குக் கீழே தூசி படிந்து கிடந்ததைச் சின்னம்மா பார்த்து வைத்திருந்தார். மேனேஜரிடம் கேட்டதும், “அது வெறும் போட்டோவுக்கு வந்த சாமானம்மா, எடுத்துக்கிருங்க” என்று கொடுத்துவிட்டார்.

பெரிய சிலிண்டரில் மாட்டுவது என்று முடிவானதும் நான் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். வீட்டுச் சிலிண்டர், வீட்டு ரெகுலேட்டர், ஆரஞ்சு டியூப், கல்லின் வாய்க்கு ஒத்துவரும்படி கடையில் தேடிப்பிடித்த ஒரு இணைப்பு. பற்றவைத்தால் மூன்று பர்னரிலும் கார்த்திகை விளக்கு வைத்த மாதிரி ஒரு சின்னச் சுடர். கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர் என்றுகூடச் சொல்லவில்லை. சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏனுங்க இன்ஜினியரம்மா, இதுல வேகறதுக்கு, கல்ல என்ற மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தாலே வெந்துருமாட்ட இருக்குதே” என்றார். அவர் என்னை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டால் கிண்டல் என்று அர்த்தம்.

எனக்கு ரோஷம். மல்லாந்து படுத்துக் கல்லுக்கு அடியில் தலையை விட்டேன். சின்னக் கேனைத் திருகுகிற இடத்தில் கட்டியாக ஒரு பித்தளை உருண்டை இருந்தது. அதை வெறும் இணைப்பு என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்த பிறகுதான் அது கல்லோடு பிறந்த ரெகுலேட்டர் என்று புரிந்தது. கேனிலிருந்து முழு வேகத்தில் வருகிற கேஸை அதுவே அடக்கி பர்னருக்கு அனுப்பும். நான் என்ன செய்தேன்? அதற்கு முன்னால் வீட்டு ரெகுலேட்டரையும் மாட்டிவிட்டேன். வாசலில் ஒரு காவலாள் கூட்டத்தையெல்லாம் தடுத்து ஒற்றை ஆளை மட்டும் உள்ளே விடுகிறான். உள்ளே இன்னொரு காவலாள், பெருங்கூட்டம் வரும் என்று தோளை விரித்து நிற்கிறவன், அந்த ஒற்றை ஆளையும் பிடித்து வைத்துக்கொள்கிறான். ஆக, இந்தக் கல்லைப் பொறுத்தவரை சிலிண்டர் பக்கம் ரெகுலேட்டரே கூடாது. அப்படியானால் சிலிண்டரின் முழு அழுத்தமும் ஹோஸில் இருக்கும். ஆரஞ்சு டியூபை வைத்து விளையாடுகிற விஷயம் இல்லை அது.

கம்பெனியில் ஸ்டீம் அயர்ன் பாய்லருக்குப் போகிற கேஸ் லைனைப் பார்த்துக்கொள்ள ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டினார். “அம்மிணி, இது வெளாட்டுச் சாமான் இல்லீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது” என்றார். சின்னம்மா தலையிட்டார். “அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தது. இவ தானா மாட்டிருவாளாமா, வேணாம்னு சொல்லிட்டுப் போனா நாளைக்கே மாட்டிருவா. நீங்களே சொல்லுங்க, எது தேவலாம்னு.” அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மாட்டிவிடுவேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

கடைகளுக்குக் கொடுக்கிற நீலச் சிலிண்டர் ஒன்றையும், பாய்லர் லைனில் போடுகிற மாதிரி அழுத்தம் தாங்குகிற கனமான ஹோஸையும் அவரே ஏற்பாடு செய்தார். கல்லின் வாய் மரைக்குப் பொருந்தும் பித்தளைத் துண்டைத் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினோம். மாட்டி முடித்ததும், தீப்பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். பித்தளைத் துண்டின் ஓரத்தில் ஒரு குமிழ் எழும்பியது. பட்டாணி அளவுக்கு வளர்ந்து, வெயிலில் வண்ணம் காட்டி, உடைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன்னைக் காட்டிக்கொடுத்த அந்தக் குமிழை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கழற்றி, துடைத்து, மறுபடி இறுக்கினார். மறுபடி நுரை. இந்த முறை நுரை நுரையாகவே இருந்தது.

அதன் பிறகு பற்றவைத்த தீயை நான் எப்படிச் சொல்வது? குபீரென்று சீறும் என்று பயந்து பின்வாங்கினேன். சீறவே இல்லை. மூன்று பர்னரிலும் நீலம் ஒரே உயரத்தில் எழுந்து நின்றது. பாவு நூலைச் சீப்பால் சீவிப் பிரித்து நிறுத்திய மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒன்றுக்கொன்று உயராமல். கல்லின் நான்கு மூலையிலும் தண்ணீர் தெளித்தால் நான்கிலும் ஒரே சுர். எத்தனையோ காலம் மண்ணுக்கு அடியில் கிடந்ததை, எங்கோ பிரித்து, இரும்புக்குள் திரவமாக அடக்கி, கப்பலிலும் லாரியிலும் கொண்டுவந்து, இந்த முதலிபாளையத்து மாடியில் ஒரு தோசைக்காக அது எழுந்து நிற்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சின்னம்மா “முருகா” என்று மெதுவாகச் சொன்னார். சித்த நேரம் கழித்து, “தீயப் பாத்தது போதும், மாவ எடு” என்றார்.

மேனேஜர் சொன்ன நாள் கார்த்திகை மாதத்தில் வந்தது. விடாமல் தூறல். தையல் ஹாலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கல்லை நிறுத்தினோம். நான் தோசையையே ஒரு புரொடக்ஷன் லைனாகப் பிரித்து வைத்திருந்தேன். சின்னம்மா வார்ப்பார், நான் எண்ணெய் விட்டு மடிப்பேன், லைனில் ஹெல்பராக இருந்த அக்கா ஒருவர் சட்னி ஊற்றிக் கைக்குக் கொடுப்பார். பிரேக்குக்கு வெகு நேரம் முன்பே மூன்று பர்னரையும் முழுதாகத் திறந்து, பக்கத்து செக்ஷன் ஆட்களுக்கு வார்த்துக் கொடுத்து ஒத்திகை பார்த்தோம். சிலிண்டர் புதியது அல்ல, ஒத்திகைகளிலேயே பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

தண்ணீர் பிடிக்க வந்த ஓவர்லாக் டெய்லர்தான் அதை முதலில் பார்த்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். எல்லோருக்கும் அவர் பையா, இந்தியில் அண்ணன். எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும் முகம். “அக்கா, சிலிண்டர்க்கு வேர்வை வருது. ஜொரம்!” என்றார். பார்த்தால் நீல உடம்பெல்லாம் முத்து முத்தாக நீர்.

சின்னம்மா தொட்டுப் பார்த்தார். “ஜொரமில்ல சாமி, குளுருது. பாவம், மழையில நிக்குதல்ல.”

“ஸ்வெட்டர் போடுங்க அக்கா.”

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். ஆனால் நாங்கள் இருந்தது பனியன் ஊர். குளிர் என்றால் எங்களுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்: துணி. அந்த மாதம் லைனில் ஓடிக்கொண்டிருந்ததோ பனி நாட்டுக்கான ஹூடி. உள்பக்கம் பஞ்சு மாதிரி பிரஷ் செய்த கனமான ஃப்ளீஸ். பாஸ் ஆகாத பீஸ்கள் மூட்டையாகக் கிடந்தன. சின்னம்மா பெரிய சைஸ் ஒன்றை எடுத்துவந்து குழந்தைக்குப் போடுகிற மாதிரி சிலிண்டருக்குத் தலைவழியாகப் போட்டார். “மூஞ்சி தெரியட்டும்” என்று வால்வை மட்டும் வெளியே விட்டு, கழுத்துக் கயிற்றை இழுத்துப் பூ முடிச்சுப் போட்டார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? இன்னொரு ஹூடியை எடுத்து அதன் இடுப்பில் சுற்றிக் கைகளை முன்னால் கட்டிவிட்டேன். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டுப் பனிச்சறுக்கு ஊரின் பெயர் அச்சிட்டிருந்தது. பையா ஃபோனில் படம் எடுத்தார். கொட்டகையே சிரித்தது.

தீ தணிய ஆரம்பித்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. சின்னம்மாவின் கை கவனித்தது. ஒரு தோசையைத் திருப்பப் போய், திருப்பாமல் நிறுத்தியது. நீலம் கல்லைத் தொடாமல் கீழேயே நின்றது. “தீந்துபோச்சா?” என்றார். ஃபிட்டர் அண்ணனோ வேறொரு யூனிட்டுக்குப் போயிருந்தார். அவர் இல்லாமல் இதைக் கழற்றி வேறு சிலிண்டர் மாட்ட எனக்கே தைரியமில்லை. அந்த நேரம் பார்த்துப் பெல் அடித்தது. டெய்லர்கள் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். கல்லில் தோசைகள் புரட்டாசி மாடியில் கிடந்தது போலவே வெளுத்துக் கிடந்தன. கொட்டகை வாசலில் மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, ஹூடியின் முன்பக்கப் பாக்கெட்டில் கையை விட்டேன். உள்ளே ஐஸ் பெட்டி. பஸ் ஸ்டாண்டில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார்களே, அந்தச் சாக்குக்குள் கைவிட்ட மாதிரி. அந்தச் சாக்கு நினைவுக்கு வந்ததும் எனக்கு மண்டைக்குள் வெளிச்சம் போட்டது. துணி எங்கே சூடு தருகிறது? சூடு தருவது போட்டிருக்கிற உடம்பு. துணி அதை வெளியே விடாமல் காக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது குளிராக இருந்தால் குளிரைக் காக்கும். எத்தனை ஃப்ளீஸின் எடையைப் பார்த்திருப்பேன், எத்தனை ஹூடி என் கண் முன்னால் பெட்டிக்குள் போயிருக்கும், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை. காற்றிலிருந்து கொஞ்சம் வெப்பத்துக்காக அந்தச் சிலிண்டர் ஏங்கி நின்றிருக்கிறது. நாங்கள் அதற்கு இரண்டு ஹூடி போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

“சின்னம்மா, கழட்டுங்க! ஐஸுக்குச் சாக்குச் சுத்தின மாதிரி சுத்தி வெச்சிருக்கறோம்!”

ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வால்வை மூடினார். பூ முடிச்சை இழுத்தார். துணி விலகியதும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒட்டுக்கா “ஓ” என்றார்கள். சிலிண்டரின் அடிப்பாகம் வெள்ளையாக உறைந்திருந்தது. அந்த வெண்மை ஓர் உயரம் வரை வந்து, கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. கோட்டுக்கு மேலே ஈர நீலம். உள்ளே திரவம் எதுவரை நிற்கிறது என்பதை இரும்பே தன் உடம்பில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. அவசரத்திலும் நான் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு, லேபில் துணி சுருங்குகிறதா என்று துவைத்துப் பார்க்கிற பெரிய டப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

“வெந்நி வெக்கட்டுமா?” என்றார் சின்னம்மா.

“வேண்டாம், வெந்நி ஆகாது. குழாத் தண்ணியே போதும். இதுக்குப் பச்சத் தண்ணியே வெந்நிதான்.”

பையாவும் இன்னும் மூன்று பேரும் சிலிண்டரை நிமிர்ந்த வாக்கிலேயே தூக்கி டப்பில் நிறுத்தினார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். இணைப்பில் நுரை தடவிப் பார்த்துவிட்டு வால்வைத் திறந்து பற்றவைத்தேன். உறைபனி தண்ணீரில் கரையக் கரைய நீலம் ஏறியது. பார்க்கப் பார்க்க ஏறியது. தொட்டால் சில்லென்றிருந்த அந்தத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை வாங்கி, அந்த வெப்பத்தால் கொதித்து, தீயாக மேலே வந்துகொண்டிருந்தது அது. “சாமி வந்த மாதிரியல்ல வருது!” என்றார் ஹெல்பர் அக்கா. கல் பழைய சூட்டுக்கு வந்ததும் சின்னம்மாவின் கை பறந்தது. வார்த்தல், திருப்பல், மடிப்பு. கைகளுக்குச் சூடான தோசை போய்க்கொண்டே இருந்தது. வரிசை உருகியது.

ஆனால் முழுதாக உருகவில்லை. ஏழெட்டுப் பேர் பாக்கி. கல்லில் அவர்களுக்கான தோசைகள் பாதி வெந்து கிடந்தன. பெல் அடித்துவிட்டது.

சின்னம்மா வால்வை மூடினார்.

“கண்ணுகளா, மெஷினுக்குப் போங்க.”

“சின்னம்மா, ரெண்டே நிமிஷம்! இதோ வெந்துருச்சு!” என்றேன். இந்தத் தோசைகள் கைக்குப் போனால் கேன்டீன், போகாவிட்டால் மடத்துக்குளத்து அடுப்படி. இது அவருக்குத் தெரியாதா?

“பெல்லு அடிச்சாச்சு. நான் சொன்ன சொல்லு ரெண்டு. ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணையும் விட்டுட்டு நிக்கச் சொல்றியா?” என்றார். சத்தம் போடவில்லை. கை வால்விலேயே இருந்தது. வெறும் தட்டோடு நின்றவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். தட்டுகளை வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினார்கள். கடைசியில் நின்றவர் பையா. படம் எடுத்து, சிலிண்டரைத் தூக்கி, டப்பைப் பிடித்து, வரிசையில் பின்னால் போய்விட்டிருந்தார். “பர்வா நஹி அக்கா, பரவாயில்ல” என்று சிரித்துவிட்டு அவரும் ஓடினார்.

அன்று நான் பார்த்த அதிசயங்களில் நீலத் தீயும் வெள்ளைக் கோடும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துவிட்டன. புத்தகத்தைத் திறந்தால் காரணம் கிடைத்துவிடும். வால்வை மூடிய அந்தக் கைக்குத்தான் இன்றுவரை காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். தன் பிழைப்பு வெந்துகொண்டிருக்கிற கல்லின் தீயைத் தானே அணைக்க எப்படி ஒருவரால் முடியும்? எத்தனையோ வருஷம் தையலில் தப்பு கண்டுபிடித்த கண், தன் வேலையில் மட்டும் தப்பைப் பார்க்காமல் விட்டுவிடுமா என்று சில நேரம் நினைப்பேன். அதுவும் முழுப் பதில் இல்லை.

மேனேஜர் ஹாலுக்குள் போய் லைனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடாதவர்களின் மெஷினும். திரும்பி வந்து, டப்பில் நின்ற சிலிண்டரைக் குனிந்து பார்த்தார்.

“இது எதுக்கும்மா குளிச்சிக்கிட்டு இருக்கு?”

“குளிப்பாட்டினாத்தான் வேலை செய்யுதுங்க” என்றார் சின்னம்மா.

“எல்லாத்துக்கும் கெடைக்கலையே.”

“இல்லீங்க. ஏழெட்டுப் பேருக்குப் போடலீங்க.”

மேனேஜர் கல்லில் பாதி வெந்து ஆறிக் கிடந்த தோசைகளைப் பார்த்தார். தூறலைப் பார்த்தார். “நாளைக்கு அவங்களுக்கு மொதல்ல போடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். “நாளைக்குங்கறாரு?”

ஆமாம், நாளைக்கு. அதற்கடுத்த நாளும் அப்படியே. கேன்டீன் உங்களுக்கு என்று இன்றுவரை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் கொட்டகை போய்க் கட்டிடம் வந்துவிட்டது. கேஸுக்கென்று வெளியே தனிக் கூண்டு, வரிசையாக நீலச் சிலிண்டர்கள், மாற்றி மாற்றித் திறந்துகொள்ள வால்வுகள். அவை நன்றாகக் காற்றோட்டத்தில் வெறும் உடம்போடு நிற்கின்றன. புதிதாக வருகிற ஹெல்பர் யாராவது மழை நாளில் சாக்கை எடுத்துப் போர்த்தப் போனால், சின்னம்மா உள்ளேயிருந்தே, “அதுக்குத் துணிமணி வேண்டாம் கண்ணு, காத்து வாங்கட்டும்” என்று குரல் கொடுப்பார். கறுப்புத் துணியில் ஊசி ஓட்டையைப் பார்க்க முடியாத கண்ணுக்குத் தீயின் உயரம் எங்கிருந்தாலும் தெரிகிறது. மேனேஜரைக் கண்டால், “இன்னும் டிரையல்லதானுங்க இருக்கறேன்?” என்று கேட்பார். அவர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போவார்.

போன வாரம் சின்னம்மா என்னிடம் ஒரு யோசனையோடு வந்தார். வழக்கமாக யோசனை என்னிடமிருந்துதான் கிளம்பும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் மடத்துக்குளம் வழியாகத்தான் போவார்கள். மச்சாண்டார் தோப்பு அந்த ரோட்டோரத்திலேயே இருக்கிறது. மாட்டுச் சாணத்தில் கேஸ் எடுக்கிற கலன் ஒன்று அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சிலிண்டர் வந்த பிறகு அதைச் சீந்துவார் இல்லை. “நம்ம அகலக் கல்ல அதுல மாட்டி, நடந்து வர்றவீங்களுக்குத் தோச போட்டா என்ன? நான் அந்த ஊட்டுக்குப் போகாமயே இருக்க முடியுமா கண்ணு? போறதுன்னா என்ற கல்லோட போறேன்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாண கேஸ் வேறு ஜாதி. இரும்புக்குள் திரவமாக அடங்கிக் கிடப்பதில்லை, ஆகவே உறையாது. அழுத்தமே இல்லாமல் சோம்பலாக வரும். அதனால் இந்த முறை கல்லோடு பிறந்த ரெகுலேட்டரையே வழியிலிருந்து கழற்றிவிட வேண்டும். போதாததற்கு அதில் எரிகிற சத்து குறைவு, அதிகக் கேஸ் போனால்தான் அதே சூடு வரும். ஆகவே பர்னருக்குள் கேஸ் நுழைகிற ஜெட்டின் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதுதான் கேள்வி. புத்தகக் கணக்கு ஒன்று சொல்கிறது, ஃபிட்டர் அண்ணன் ஒன்று சொல்கிறார். சின்னம்மா தையல் மெஷின் ஊசிகளை நம்பர் வாரியாக ஒரு துணியில் குத்திக்கொண்டு வந்துவிட்டார். நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும். இப்போது இருக்கிற ஓட்டையில் நுழைவது ஒன்பதாம் நம்பர் ஊசி. ஒவ்வொரு நம்பராக நுழைகிற அளவுக்குக் குடைந்து, மாட்டி, எரித்துப் பார்ப்பது என்று முடிவு. பதினெட்டுக்கும் மேலே போகவேண்டியிருக்கும் என்று என் கணக்கு.

“எடுத்ததும் பெருசாக் குடைஞ்சுறாத” என்று நேற்று எச்சரித்தார். “ஓட்டையப் பெருசு பண்ணலாம், சின்னது பண்ண முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மடத்துக்குளம் போகிறோம். கல்லை மடக்கிக் கோணியில் கட்டியாயிற்று. ஃபிட்டர் அண்ணனும் வருகிறார், சோப்பு நுரையோடு. பதினோராம் நம்பர் ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.